விசையும் வேகமும்: சொல்லைக் கற்றோம்; பொருளைக் கற்றோமா?

தோற்றுவாய்

சொற்களின் பொருளை ஆராய்வது தமிழாசிரியர் பணி. பொருள்களின் இயக்கத்தை ஆராய்வது இயற்பியல் ஆசிரியர் பணி. இவ்விரண்டிற்கும் தொடர்பில்லை என்றே பலரும் கருதுவர். யானும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தேன். அக்கருத்துத் தவறென எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, இளம் அறிவியல் இயற்பியல் முதலாமாண்டு பயின்ற மாணவர் ஒருவர் தமிழ் வகுப்பு முடிந்ததும் என்னைப் பின்தொடர்ந்து வந்தார். சிற்றூரிலிருந்து வந்தவர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றவர்.

"ஐயா, எனக்கு இயற்பியல் வரவில்லை. தமிழ் இலக்கியத்திற்கு மாறிக்கொள்கிறேன். தாங்கள்தாம் உதவ வேண்டும்" என்றார்.

"நல்ல மதிப்பெண் வாங்கி வந்திருக்கிறாயே தம்பி?" என்று கேட்டேன்.

"மூன்று விதிகளும் மனப்பாடம் ஐயா. வாய்பாடு கொடுத்தால் கணக்கும் போடுவேன். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு அந்த அறிவு இல்லை போலிருக்கிறது" என்று தலைகுனிந்து கூறினார்.

நல்ல தமிழார்வமுடைய மாணவர் நம் துறைக்குக் கிடைக்கின்றாரே என்று மகிழ்ந்து, துறைத் தலைவரிடம் யானே பரிந்துரைத்தேன். அவர் இன்று நல்லதொரு தமிழாசிரியராக விளங்குகின்றார். எனினும் அன்று செய்த பரிந்துரையை எண்ணி இன்று வருந்துகின்றேன். தமிழைத் தேடி ஒருவர் தமிழுக்கு வருவது பெருமை. தமக்கு அறிவில்லை என்று நம்பி இயற்பியலிலிருந்து தப்பி வருவது பெருமையன்று. அவருக்கு இல்லாதிருந்தது அறிவு அன்று என்பதைப் பின்னரே யான் உணர்ந்தேன்.

ஒரு சுண்ணக்கட்டி கற்பித்த பாடம்

அண்மையில் ஆசிரியர் ஓய்வறையில், இயற்பியல் துறை நண்பர் ஒருவரிடம் இந்நிகழ்ச்சியைக் கூறினேன். அவர் மேசை மேலிருந்த சுண்ணக்கட்டியை எடுத்து மேல்நோக்கி எறிந்து பிடித்தார். "இது என் கையை விட்டு மேலே போய்க்கொண்டிருக்கும்போது இதன்மீது செயற்படும் விசைகள் யாவை? காற்றின் தடையை விட்டுவிடுங்கள்" என்றார்.

யானும் மேனிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவில் பயின்றவனே. ஆதலால் தயங்காது விடை கூறினேன். "மேல்நோக்கி உங்கள் கை கொடுத்த விசை, கீழ்நோக்கிப் பூமியின் ஈர்ப்பு விசை. கை கொடுத்த விசை சிறிது சிறிதாகக் குறையும். இரண்டும் சமமாகும் இடத்தில் சுண்ணக்கட்டி நிற்கும். பின்னர் ஈர்ப்பு வெல்லும், கீழே விழும்" என்றேன்.

நண்பர் சிரித்தார். "கைதான் விட்டுவிட்டதே. விட்ட கை எப்படித் தள்ளும்?" என்றார்.

யான் வாயடைத்து நின்றேன். கையை விட்டகன்ற நொடி முதல் மீண்டும் கையில் விழும்வரை அதன்மீது செயற்படும் விசை ஒன்றே ஒன்றுதான். அது பூமியின் ஈர்ப்பு. மேலே செல்லும்போதும் அதுவே, உச்சியில் கணநேரம் நிற்கும்போதும் அதுவே, விழும்போதும் அதுவே. மேல்நோக்கிச் செல்ல மேல்நோக்கிய விசை வேண்டும் என்பது நம் மனம் சேர்த்துக்கொண்ட கற்பனை.

நண்பர் கணக்காகவும் விளக்கினார். ஒரு பந்தை வினாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறிவோம். 1 வினாடி கழித்து அதன் வேகம் 9.8 மீட்டர், 2 வினாடி கழித்துச் சுழி, 3ஆம் வினாடி முடிவில் கீழ்நோக்கி 9.8, 4ஆம் வினாடி முடிவில் கீழ்நோக்கி 19.6. ஒவ்வொரு வினாடியிலும் மாற்றம் ஒன்றுதான், கீழ்நோக்கி 9.8. உச்சியில் வேகம் சுழியாகின்றது. ஆனால் மாற்றம் அங்கும் நிற்பதில்லை. அந்த மாற்ற வீதத்தையே முடுக்கம் என்கின்றோம். உச்சியில் முடுக்கமும் சுழியானால், பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும் அன்றோ!

முடுக்கத்தின் வரையறையை யான் பள்ளிப் பருவத்தில் பலமுறை ஒப்புவித்திருக்கின்றேன். அது யாதென அறிந்துகொண்டது அன்றுதான்.

பழைய பிழை, பெரியோர் பிழை

இயக்கம் தொடர வேண்டுமானால் தள்ளுவோர் ஒருவர் தொடர்ந்து தள்ள வேண்டும் என்னும் எண்ணம் யாது காரணத்தால் நம் உள்ளத்தில் வேரூன்றியது? வாழ்க்கையே அதனைக் கற்பிக்கின்றது. மாடு நின்றால் வண்டி நிற்கின்றது. மிதிப்பதை நிறுத்தினால் மிதிவண்டி நிற்கின்றது. துடுப்பை ஓய்த்தால் படகு ஓய்கின்றது. பிறந்தது முதல் நாள்தோறும் காணும் இச்சான்றுகளை மறுத்து, எதுவும் தடுக்காவிடில் இயங்கும் பொருள் நேர்கோட்டில் சீராக இயங்கிக்கொண்டே இருக்கும் என்று ஒருவர் கூறினால், அதனை நம்ப மனம் தயங்குவது இயல்பே.

இவ்வாறு தயங்கியோர் எளியோர் அல்லர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், எறியப்பட்ட கல் கையை விட்ட பின்னும் செல்வதற்குச் சூழ்ந்துள்ள காற்றே அதனைத் தள்ளுகின்றது என்று காரணம் கூறினார். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோப்போனஸ் அதனை மறுத்து, எறிபவர் கல்லுக்குள்ளேயே ஒரு தன்மையைப் பதிக்கின்றார் என்றார். இப்னு சீனா (980-1037) அக்கருத்தை மேலும் ஆராய்ந்து, பதியப்பெறும் அத்தன்மைக்குச் சாய்வு எனப் பொருள்படும் அரபுச் சொல்லைக் கலைச்சொல்லாக ஆண்டார். தடை யாதும் இல்லாவிடில் அச்சாய்வு தானாக அழியாது என்பது அவர் கொள்கை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் பரகாத், விழும் பொருளின் வேகம் கூடிக்கொண்டே போவதற்குச் சாய்வு மேலும் மேலும் சேர்வதே காரணம் என விளக்க முயன்றார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துப் பூரிதான், பொருளின் அளவையும் வேகத்தையும் பொறுத்து அமையும் உந்துதல் ஒன்று அதனுள் பதிகின்றது என்றார்.

சுண்ணக்கட்டிக்குள் கையின் விசை தங்கியிருக்கிறது என்று யான் கூறிய விடையும், பொருளுக்குள் ஒன்று பதிந்திருக்கிறது என்ற இவ்வறிஞர்களின் கொள்கையும் ஒரே மரத்துக் கிளைகள். அவர்கள் நுணுகி ஆராய்ந்து அவ்விடத்தை அடைந்தனர், யான் ஆராயாமலே அடைந்தேன், வேறுபாடு அவ்வளவே.

இக்கட்டை அவிழ்த்தவர் கலிலியோ. சாய்ந்த பலகையில் வெண்கலக் குண்டை உருட்டி, வழியும் நீரை எடையிட்டுக் காலத்தை அளந்தார். சமமான காலப் பகுதிகளில் குண்டு கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வளர்வதைக் கண்டார். 1638ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூல், எது தள்ளுகின்றது என்ற கேள்வியை ஒதுக்கி வைத்து, வேகம் எவ்வாறு மாறுகின்றது என்ற கேள்வியை முன்வைத்தது. 1687ஆம் ஆண்டில் நியூட்டன் அவ்விரு கேள்விகளையும் இணைத்தார். விசை இயக்கத்திற்குக் காரணம் அன்று. இயக்கத்தின் மாற்றத்திற்கே காரணம் என்பது அவர் கண்ட முடிவு.

அரிஸ்டாட்டில் காலம் தொட்டு நியூட்டன் காலம்வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள். மனித குலம் இரண்டாயிரம் ஆண்டுகளில் கடந்த இடைவெளியைப் பதினைந்து வயது மாணவர் இரண்டு வாரத்தில், நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளைகளில் கடக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கின்றோம். கடக்க இயலாதவரை அறிவில்லாதவர் என்கின்றோம். இது நீதியா?

ஆய்வுகள் கூறும் உண்மை

இக்குறை தமிழ்நாட்டுக்கே உரியதன்று. பிரான்சு நாட்டு ஆய்வாளர் வியனோ 1979இல் வெளியிட்ட ஆய்வு, பல்கலைக்கழக மாணவர்களும் விசையை வேகத்தோடு பிணைத்தே சிந்திக்கின்றனர் என்று காட்டிற்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எசுட்டனசு என்பவரும் அவர்தம் துணைவர்களும் 1992இல் விசை பற்றிய வினாத்தொகுப்பு ஒன்றை உருவாக்கினர். அதில் கணக்கு இல்லை; வாய்பாடு இல்லை. அன்றாட நிகழ்ச்சிகளைக் கூறி, என்ன நிகழும் என்று கேட்கும் எளிய வினாக்களே உள்ளன. ஒவ்வொரு வினாவிற்கும் உரிய தவறான விடைகள் மாணவர்தம் இயல்பான எண்ணங்களிலிருந்தே எடுக்கப்பட்டவை.

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், தம் மாணவர்க்கு இத்தகைய வினாக்கள் மிக எளியவை என்று எண்ணியே தேர்வு வைத்தார். கடினமான கணக்குகளைச் செய்யவல்ல மாணவர் பலர் இவ்வெளிய வினாக்களில் தடுமாறினர். தாங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, அல்லது நாங்கள் உண்மையில் நினைக்கின்றபடி எழுதுவதா என்று மாணவி ஒருவர் கேட்டதாக அவரே பதிவு செய்துள்ளார். இக்கேள்வி ஆசிரியர் ஒவ்வொருவரும் சிந்திக்கத்தக்கது. கற்பித்தது ஒருபுறம், நினைப்பது மற்றொருபுறம் என்று கல்வி இரண்டாகப் பிளந்து கிடப்பதை அம்மாணவி வெளிப்படையாகக் கூறிவிட்டார்; நம் மாணவர் கூறுவதில்லை.

1998இல் ஏக் என்னும் ஆய்வாளர் 62 பாட வகுப்புகளில் பயின்ற 6,542 மாணவர்தம் தேர்வு முடிவுகளைத் தொகுத்தார். பயிலத் தொடங்கும்போது அறியாதிருந்ததில், பயின்று முடிக்கும்போது எத்தனை பங்கு கைவந்தது என்பதே அவர் கொண்ட அளவுகோல். ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வகுப்புகளில் அது சராசரியாக 0.23; மாணவர் தாமே பேசி, வாதிட்டு, செய்து பார்க்கும் வகுப்புகளில் 0.48. ஏறத்தாழ இரு மடங்கு! விரிவுரையைக் காதால் கேட்டு விசையை அறிந்துகொள்ள இயலாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சொல்லில் மறைந்திருக்கும் பழம்பொருள்

இனித் தமிழாசிரியன் என்ற முறையில் யான் கூறவேண்டிய செய்திக்கு வருகின்றேன். மாணவர் வகுப்பறைக்குள் வெறுங்கையோடு நுழைவதில்லை, சொற்களோடு நுழைகின்றார். அச்சொற்களில் பழைய பொருள்கள் குடியிருக்கின்றன.

விசை என்னும் சொல்லையே காண்போம். பந்து விசையாக வந்து மோதியது என்கின்றோம். இங்கு விசை என்பது வேகம். விசைத்தறி, விசைப்படகு என்கின்றோம். இங்கு விசை என்பது பொறியின் ஆற்றல். விசைப்பலகை என்கின்றோம், இங்கு அழுத்தும் கட்டை. அகராதிகளும் விசைக்கு வேகம் என்று பொருள் கூறுகின்றன. ஆக, வேகம் வேறு, விசை வேறு என்று இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் வேளையில், இரண்டும் ஒன்றே என்று மாணவரின் தாய்மொழி அவர் செவியில் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

முடுக்கம் என்பதும் அத்தகையதே. முடுக்குதல் என்றால் விரைந்து செலுத்துதல். சந்தப் பாக்களில் விரைந்து செல்லும் பகுதியை முடுகு என்று கூறுவது தமிழ் மாணவர் அறிந்ததே. எனவே முடுக்கம் என்றதும் வேகம் கூடுதல் என்ற பொருளே முந்திக்கொண்டு வருகின்றது. ஆனால் இயற்பியலில் வேகம் குறைதலும் முடுக்கம். வேகம் மாறாது திசை மட்டும் மாறுதலும் முடுக்கம்.

பேருந்தைக் கொண்டு இதனைத் தெளியலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து, 5 வினாடிகளில் சீராகக் குறைந்து நிற்குமாயின் அதன் முடுக்கம் பின்னோக்கி 2 அலகு. அதே பேருந்து வேகமானி முள் அசையாது அதே 36இல், 50 மீட்டர் ஆரமுடைய வளைவில் திரும்புமாயின் அப்போதும் முடுக்கம் 2 அலகே. வளைவின் மையத்தை நோக்கி. ஓட்டுநர் முடுக்கியை அழுத்தினாலும் முடுக்கம். தடையை மிதித்தாலும் முடுக்கம். சக்கரத்தைத் திருப்பினாலும் முடுக்கம். இதனை விளக்காமல் வரையறையை மட்டும் எழுதச் செய்தால் மாணவர் என்செய்வார்?

தடை மிதிக்கும்போது, வண்டி என்னை முன்னால் தள்ளிவிட்டது என்கின்றோம். உண்மையில் யாரும் தள்ளவில்லை. வண்டி வேகம் குறைகின்றது. நம் உடல் பழைய வேகத்திலேயே செல்ல முனைகின்றது. நிலைமம் என்று பாடநூல் கூறுவது இதனையே. தள்ளியவர் இல்லாத இடத்தில் தள்ளியது என்ற வினைமுற்றை மொழி நமக்குத் தருகின்றது. நாமும் இல்லாத விசையைக் கண்டதாக எண்ணிக்கொள்கின்றோம்.

மூன்றாம் விதிக்கு நெடுங்காலம் வழங்கிவரும் வினை, எதிர்வினை என்ற சொற்களும் ஆராயத்தக்கவை. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்னும் பழமொழியில் வளர்ந்த நமக்கு, எதிர்வினை என்பது பின்னால் வரும் பயனாகவே தோன்றும். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே காலம் உண்டு. நியூட்டன் கூறிய இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்பவை. இரு வேறு பொருள்களின்மீது செயற்படுபவை. முன்னது, பின்னது என்ற வேறுபாடு அவற்றிற்கு இல்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களை எடுத்தால் வேறொரு வியப்பு காத்திருக்கின்றது. தமிழ்நாட்டில் வேகம், திசைவேகம் என்று நாம் கூறுவனவற்றை அங்கே முறையே கதி, வேகம் என்பர். நாம் முடுக்கம் என்பதை ஆர்முடுகல் என்பர். வேகம் குறைவதை அமர்முடுகல் என்பர். நாம் நிறை என்பதை அவர்கள் திணிவு என்பர். நாம் எடை என்பதையோ நிறை என்பர்! நிறைகோல் என்ற பழஞ்சொல்லை நினைந்தால் அவர்கள் வழக்கும் பொருந்துவதே. ஒரே சொல் பாக்கு நீரிணையின் இருபுறமும் இரு வேறு பொருள் தருகின்றது. இருபுறத்திலும் மாணவர் இயற்பியல் பயில்கின்றனர். இதனால் அறியவேண்டியது யாது? கலைச்சொல்லின் பொருள் அச்சொல்லின் வேரில் இல்லை. வரையறையிலும் பயன்பாட்டிலும் இருக்கின்றது. வேரை மட்டும் நம்பினால் வழி தவறும்.

ஆங்கிலவழி மருந்தாகுமா?

அப்படியாயின் ஆங்கிலவழியில் பயின்றால் இவ்விடர் தீருமே என்பார் உளர். இக்கருத்து இன்று பெற்றோரிடையே பரவலாக உள்ளது; ஆதலால் விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன். மேலே சுட்டிய ஆர்வர்டு மாணவர் ஆங்கிலவழியில் பயின்றவரே. ஆங்கிலத்திலும் ஃபோர்ஸ் என்பது காவற்படையையும் வற்புறுத்தலையும் வன்மையையும் குறிக்கும் அன்றாடச் சொல்லே. அச்சொல்லோடு பிறந்து வளர்ந்தவரும் நம்மைப் போன்றே தடுமாறுகின்றனர்.

தமிழ்வழி மாணவர் ஆங்கிலத்திற்கு மாறும்போது இத்தடுமாற்றம் தீர்வதில்லை, மறைகின்றது. முன்பு பொருள் விளங்காத சொல்லைத் தமிழில் ஒப்புவித்தவர், பின்பு ஆங்கிலத்தில் ஒப்புவிக்கின்றார். தம் ஐயத்தை எடுத்துரைக்கும் மொழியையும் அவர் இழந்துவிடுகின்றார். என்னிடம் வந்த மாணவருக்கு நேர்ந்தது இதுவே. பள்ளியில் தமிழில் புதைந்து கிடந்த ஐயத்தின்மேல் கல்லூரியில் ஆங்கில மண்ணையும் போட்டு மூடிவிட்டோம்.

புதுப்புதுத் தூய சொற்களை ஆக்கினால் போதும் என்பாரும் உளர். சொல்லாக்கம் வேண்டுவதே, யானும் அதனை விழைபவனே. எனினும் எத்துணைச் சிறந்த சொல்லாயினும், மாணவர் உள்ளத்தில் குடியிருக்கும் பழைய எண்ணத்தைத் தானே வெளியேற்றிவிடாது.

எது? எதன்மீது?

நம் இலக்கண அறிவு இங்கு உதவும் என்பது என் துணிபு. விசை என்று ஒருவர் கூறினால் உடனே இரண்டு வினாக்களைக் கேட்டல் வேண்டும். எது செலுத்துகின்றது? எதன்மீது செலுத்துகின்றது? இவ்விரண்டிற்கும் விடை கூற இயலாவிடில் அது விசை அன்று.

சுண்ணக்கட்டிக்கு இதனைப் பொருத்துவோம். பூமி, சுண்ணக்கட்டியின்மீது, இது நிற்கின்றது. கை, சுண்ணக்கட்டியின்மீது, கைதான் அகன்றுவிட்டதே! எழுவாய் இல்லை, எனவே விசையும் இல்லை. பேருந்தில் முன்னால் தள்ளிய விசை? செலுத்தியது எது என்று கேட்டவுடன் அதுவும் மறைந்துவிடுகின்றது.

மூன்றாம் விதியும் இம்முறையில் எளிதாகும். இரு பெயர்களையும் இடம் மாற்றினால் இணைவிசை கிடைத்துவிடும். மேசைமேல் புத்தகம் ஒன்று உள்ளது. பூமி புத்தகத்தின்மீது செலுத்தும் ஈர்ப்பிற்கு இணை யாது? மேசை தாங்கும் விசை என்றே பலரும் விடையிறுப்பர். பெயர்களை மாற்றிப் பாருங்கள்: புத்தகம் பூமியின்மீது செலுத்தும் ஈர்ப்பே இணை. மேசை புத்தகத்தின்மீது செலுத்தும் விசைக்குப் புத்தகம் மேசையின்மீது செலுத்தும் விசை இணை.

மாடு வண்டியை இழுக்கும் அளவிற்கே வண்டியும் மாட்டை இழுக்கின்றதாயின், வண்டி எவ்வாறு நகர்கின்றது என்ற பழைய புதிரும் இவ்வாறே அவிழும். வண்டி நகர்வதை அறிய வண்டியின்மீது செயற்படும் விசைகளை மட்டும் எண்ணுதல் வேண்டும். மாட்டின் இழுப்பு, சக்கரங்களுக்கு நேரும் தடையினும் மிகுமாயின் வண்டி முடுக்கம் பெறும். மாடு நகர்வதை அறிய மாட்டின்மீது செயற்படுவனவற்றை எண்ணுதல் வேண்டும். மாடு குளம்பால் நிலத்தைப் பின்னே தள்ளுகின்றது; நிலம் மாட்டை முன்னே தள்ளுகின்றது. எழுவாயும் வேற்றுமையும் பயின்ற மாணவருக்கு இது கடினமா?

செய்யத் தகுவன

குறை கூறுவதோடு நிற்பது முறையன்று. என் சிற்றறிவிற்கு எட்டிய சிலவற்றை இயற்பியல் துறையினர் முன் பணிவுடன் வைக்கின்றேன்.

முதலாவது, வரையறைக்கு முன் வினா. பாடத்தைத் தொடங்குமுன் ஒரு சிறு செய்கையைக் காட்டி, என்ன நிகழும், ஏன் நிகழும் என்று மாணவர் தத்தம் சொந்தச் சொற்களில் எழுதட்டும், பக்கத்திலிருப்பவரோடு வாதிடட்டும், பின்னர்ச் செய்து காட்டுவோம். பெருஞ்செலவுக் கருவிகள் வேண்டா. விடுதியில் கேரம் பலகை உண்டு. மாவு தூவாத பலகையிலும் தூவிய பலகையிலும் ஒரே விதமாகச் சுண்டினால் காய் எங்கெங்கே நிற்கின்றது? இன்னும் வழவழப்பானால் எங்கே நிற்கும்? உராய்வே இல்லாவிடில்? கலிலியோவின் சிந்தனைப் பாதை அங்கேயே திறந்துகொள்ளும். காய் நிற்பதற்குத்தான் காரணம் வேண்டும். செல்வதற்கு அன்று என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வார்.

இரண்டாவது, இருபத்திச் சொற்குறிப்பு. விசை, வேகம், முடுக்கம், நிறை, எடை, வினை ஆகிய சொற்களுக்கு அன்றாடப் பொருள் ஒரு பத்தியிலும் இயற்பியல் பொருள் மறு பத்தியிலும் எழுதப் பழக்குதல் வேண்டும். காய்கறிக் கடையில் எடை ஒரு கிலோ என்பது வழக்கு. அதனைப் பிழையென்று கடிதல் வேண்டா. 50 கிலோகிராம் நிறையுடையவரின் எடை புவியில் ஏறத்தாழ 490 நியூட்டன். நிலவில் ஏறத்தாழ அதில் ஆறில் ஒரு பங்கு. நிறையோ ஈரிடத்திலும் 50 கிலோகிராமே. எவ்விடத்தில் எப்பொருளைக் கொள்வது என்று அறிதலே கல்வி.

மூன்றாவது, தேர்வு முறை. விதியைக் கூறுக, வரையறுக்க என்னும் வினாக்களே மிகுந்திருக்கும்வரை மாணவர் மனப்பாடமே செய்வர். உச்சியில் நிற்கும் பந்தின்மீது விசை உண்டா, காரணம் கூறுக என்பது போன்ற வினாக்கள் சிலவேனும் இடம்பெறுதல் வேண்டும்.

நான்காவது, பருவத்திற்கு ஒரு நாளேனும் இரு துறையினரும் ஒரே வகுப்பில் அமர்தல் வேண்டும். இயற்பியலார் செய்கையைக் காட்டட்டும். தமிழார் சொல்லை விளக்கட்டும். மாணவர் தமிழில் கூசாது வினவட்டும். பாடத்திட்டம் முடியாது, காலம் போதாது என்ற மறுப்பு எழும் என்பதை அறிவேன். அம்மறுப்பில் உண்மையும் உண்டு. ஆயினும் விசையும் இயக்கமும் விளங்காத மாணவருக்கு அடுத்து வரும் வேலை, ஆற்றல், உந்தம், சுழற்சி எவையும் விளங்கா. அடித்தளத்தில் செலவிடும் ஒரு வாரம் மேல்மாடத்தில் ஒரு பருவத்தை மிச்சப்படுத்தும்.

நிறைவாக

தவறான விடை கூறும் மாணவர் சிந்திக்காதவர் அல்லர். தாம் கண்ட உலகத்தைக் கொண்டு சிந்தித்தவர். அவ்விடையைக் கேட்டு நகைத்தால் வாயடைத்துப் போவார். விதியை ஒப்புவித்துத் தேர்வில் வெல்வார். ஒருநாள் தமக்கு அறிவில்லை என்று கூறி வேறு துறைக்குச் செல்வார். அவ்விடையைப் போற்றிக் கேட்டு, எது, எதன்மீது என்று ஓர் அடி முன்னே அழைத்துச் சென்றால் தாமே திருத்திக்கொள்வார்.

அன்று என்னிடம் வந்த மாணவரை, பணி நிமித்தம் இவ்வூருக்கு வந்திருந்தபோது அண்மையில் சந்தித்தேன். சுண்ணக்கட்டியை மேலே எறிந்து, நண்பர் என்னைக் கேட்ட வினாவை அவரைக் கேட்டேன். யான் கூறிய அதே விடையைக் கூறினார். "விட்ட கை எப்படித் தள்ளும் தம்பி?" என்றேன். நெடுநேரம் சுண்ணக்கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "இதை அன்றைக்கே யாராவது கேட்டிருந்தால்..." என்றார், தொடரை முடிக்கவில்லை.

அத்தொடரை முடிக்கவேண்டிய கடமை ஆசிரியராகிய நமக்கு உண்டு.